மாட்டுத்தாவணி வாசலில் தவறு யாருடையது?

வெளியூர்ப் பேருந்துகளால் மதுரை நகருக்குள் ஏற்பட்ட நெரிசல் தீரும் என்ற நம்பிக்கையோடுதான் 1999-இல் மாட்டுத்தாவணி ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. உள்ளே ஊர்வாரியாக நடைமேடைகள் உண்டு. ஆனால், நிலையத்தை விட்டு வெளியேறும் பேருந்து மேலூர் சாலையை அடைத்துக்கொண்டு மீண்டும் நிற்கிறது. நடத்துநர் படிக்கட்டில் நின்று "திருச்சி, திருச்சி" என்று கூவுகிறார். கைக்குழந்தையும் பையுமாக ஒரு பெண் ஷேர் ஆட்டோக்களின் இடுக்கில் புகுந்து ஓடி வருகிறார். மேலூர்ப் பக்கமிருந்து அரசு இராசாசி மருத்துவமனைக்கு நோயாளியோடு விரையும் ஆம்புலன்சுக்கும் இதே சாலைதான்.

ஓட்டுநர்களின் ஒழுங்கீனம் என்று சொல்லி அதிகாரிகள் இதைக் கடந்துவிடுகிறார்கள். அதை நாம் ஏற்பதற்கில்லை. எல்லாப் பேருந்துகளும் நிற்காமல் சென்றால் பயணிகள் உள்ளேயே ஏறிவிடுவார்கள். எவருக்கும் வசூல் குறையாது. ஒருவர் மட்டும் விதியை மதித்தால், சாலையில் காத்திருப்பவர்களைப் பின்னால் வரும் வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். ஆட்டக் கோட்பாட்டில் 'கைதிகளின் இக்கட்டு' என்று 1950-இலேயே வகுக்கப்பட்ட நிலை இது. அவரவர் தம் நலனைச் சரியாகவே கணக்கிட்டும் அனைவரும் கெடுகிறார்கள்.

இதிலிருந்து மீளும் வழியையும் அந்தத் துறை ஆராய்ந்திருக்கிறது. 2005-இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஆமன், ஒரே ஆட்டம் முடிவின்றித் தொடரும்போது, இன்றைய மீறலுக்கு நாளை விலை உண்டு என்றால் தன்னலக்காரர்களும் இசைந்து நடக்க முடியும் என்று காட்டினார். சிவப்பு விளக்கில் நாம் நிற்பது, குறுக்குச் சாலைக்காரரும் தம் முறை வரும்போது நிற்பார் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதே நிர்வாகத்தின் வேலை. நாலு நாள் கெடுபிடி காட்டிவிட்டு ஐந்தாம் நாள் காவலர்களை விலக்கிக்கொள்வது, பொறுத்திருந்தால் போதும் என்றே ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகமே தன் ஊழியர்களுக்கு வசூலைப் பொறுத்து 'கலெக்‌ஷன் பேட்டா' தருகிறது. காவல் துறை தடுக்கும் செயலுக்குக் கழகம் கூலி கொடுக்கிறது; இரண்டும் ஒரே அரசின் கைகள். இப்படியிருக்க, பழியை முழுவதும் ஓட்டுநர் தலையில் சுமத்துவது அநீதி.

பேட்டாவை வசூலிலிருந்து பிரித்து, குறித்த நேரத்தில் உரிய நடைமேடையிலிருந்து புறப்படுவதோடு இணைக்க வேண்டும். வாசலில் கேமரா பொருத்தி, சிறு தொகையானாலும் நாள்தோறும் தவறாமல் அபராதம் விதிக்க வேண்டும். தனியார் பேருந்து, ஷேர் ஆட்டோ என எதற்கும் விலக்குக் கூடாது. அரசுப் பேருந்துக்கு அறவே கூடாது. மாநகராட்சியும் காவல் துறையும் போக்குவரத்துக் கழகமும் ஒன்றாக அமர்ந்து இதற்கு நாள் குறிக்கட்டும்.