காத்திருப்போரின் 12 மணி நேரம்

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் வாரத்திற்கு 3 முறை மருத்துவமனைக்கு வருகின்றனர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்துடன் கழிகிறது. பயணமும் காத்திருப்பும் தனி. வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அதே 12 மணி நேரம் கழிவதை எவரும் கணக்கில் கொள்வதில்லை.

குடும்பத்தில் நீண்டகால நோய் புகுந்தவுடன் முதலில் கைவிடப்படுபவை பராமரிப்பவரின் வீணைப் பயிற்சியும் பூத்தையலும் ஓவியமும்தாம். "இவர் இப்படி இருக்கும்போது எனக்கு இது தேவையா?" என அவர்களே தம்மைக் கேட்டுக்கொள்கின்றனர். உறவினர்கள் இதையே இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள். தேவை என்பதே என் கருத்து. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு சில வாரங்களில் தீர்வதன்று. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும்வரை, பலருக்கு வாழ்நாள் முழுவதும், டயாலிசிஸ் தொடரும். ‘எல்லாம் சரியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைத்தால் அந்த நாள் வராமலே போகலாம்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 45 நிமிடம் வரைதல், களிமண் வேலை போன்றவற்றில் ஈடுபட்ட 39 பேரில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, இதை நம்பி நான் மருந்துச்சீட்டு எழுதமாட்டேன். ஆயினும் முன் அனுபவம் இல்லாதோரும் பயன் பெற்றனர் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

நோயாளிகளுக்கும் இது பொருந்தும். ஃபிஸ்டுலா உள்ள கையை அசைக்கக்கூடாது. மற்றொரு கை வரையவும் எழுதவும் தடையில்லை. குருதி உறையாதிருக்கப் பெரும்பாலும் ஹெப்பாரின் செலுத்தப்படுவதால் அந்நேரத்தில் ஊசியும் கத்தரிக்கோலும் வேண்டா. பென்சில் போதும்.

பராமரிப்பவருக்கோ கை இரண்டும் ஓய்வாகவே உள்ளன. மனம்தான் கதவருகில் நிற்கிறது. நோயாளியின் உடல்நிலை சீராக இருந்தால், செவிலியரிடம் கேட்டுக் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, பூத்தையல் சட்டத்துடன் மரத்தடிக்குச் செல்லலாம். வீணையை இங்கே கொண்டுவர இயலாது. அதற்கு, 3 முறைகளில் ஒரு முறையேனும் மகனோ சகோதரனோ துணைக்கு வரவேண்டும். புறநோயாளர் பிரிவில் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும்போதே, அந்த ஒரு நாளுக்கு யார் பொறுப்பு என்றும் குடும்பத்தாரிடம் கேட்கிறேன். பெயர் சொல்லும்வரை அடுத்த கேள்விக்குச் செல்வதில்லை.