எடை சொல்லாததை நாடி சொல்லும்



கல்யாண வீட்டில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து, "அட, நல்லா இளைச்சுட்டியே! இப்பதான் அழகா இருக்கே" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? நானும் சொல்லியிருக்கிறேன். வளரிளம் பருவத்து உணவுக் கோளாறுகளைப் பற்றிப் படித்த பிறகு, அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

1866-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரிடம் 17 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை சுமார் 37 கிலோ. ஏறக்குறைய ஓராண்டாக மாதவிடாய் இல்லை. நாடி நிமிடத்துக்கு 56. சாப்பாட்டை ஒதுக்கினாள் என்பதைத் தவிர, எவ்வளவு தேடியும் வேறு நோய் அகப்படவில்லை. அவ்வளவு மெலிந்த உடம்போடு அவள் ஓய்வில்லாமல் நடமாடியதுதான் மருத்துவரை வியக்கவைத்தது. பின்னர் அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர், 'அனோரெக்சியா நெர்வோசா'. அந்தப் பெண் தேறிவிட்டாள் என்பது ஆறுதலான செய்தி.

வருமானம் நின்ற வீட்டில் ஒவ்வொரு செலவாகக் குறைப்போம் இல்லையா, சாப்பாடு குறையும்போது உடம்பும் அதையேதான் செய்கிறது. நாடி மெதுவாகிறது. கை கால் சில்லிடுகிறது. படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது. மலச்சிக்கல் வருகிறது. மாதவிடாய் தள்ளிப்போய், பிறகு நின்றேவிடுகிறது. முதுகிலும் கையிலும் பூனைமுடி முளைக்கிறது. எலும்பு தன் வலுவைச் சேமிக்கும் வயது இது. இப்போது விட்டதைப் பிறகு முழுவதுமாக ஈடுகட்ட முடியாமல் போகலாம்.

இதில் ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. இவ்வளவுக்கும் நடுவே ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்றே வரலாம். குண்டாக இருந்த பிள்ளை குறுகிய காலத்தில் மளமளவென்று இளைத்தால், பார்வைக்குச் சரியான எடையில் இருக்கும்போதே இதயம் தளர்ந்திருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். மெதுவான நாடியை, 'ஓடி ஆடுகிற பிள்ளை, அதனால்தான்' என்று தள்ளிவிடுவதும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்த பிள்ளைக்குப் பகலில் நாடி 50-க்குக் கீழே போனால், அது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அறிகுறி.

இன்னொன்று. பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக உணவைத் திணித்தால், ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே தாக்கலாம். இதற்குப் பயந்து சாப்பாட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவது நம் வேலை. சாப்பிட மறுப்பது பிள்ளையின் பிடிவாதமும் இல்லை, உங்கள் வளர்ப்பின் குறையும் இல்லை, நோய்.

டிபன் பாக்ஸ் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா? 'ஸ்கூல்லயே சாப்பிட்டேன்' என்ற பதில் தினமும் வருகிறதா? திட்ட வேண்டாம். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நாடி குறைவாக இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சாப்பாடு குறைந்துகொண்டே போனால் காத்திருக்காதீர்கள்.

அடுத்த கல்யாண வீட்டில் அந்தப் பெண்ணிடம், "இப்ப என்ன படிக்கிறே?" என்று கேட்போம். எடையைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்