பூட்டிய கதவுக்குள் ஒரு கூட்டாளி

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை நம்முள் பலர் புரட்டியிருப்போம். அதற்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்களைத் தேடித் தந்தவர் டாக்டர் மைனர். 1872-இல் மனம் பிறழ்ந்த நிலையில் ஒருவரைச் சுட்டுக் கொன்று, இங்கிலாந்தின் பிராட்மூர் மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர். இதை அறிந்த பின்னும் ஆசிரியர் மர்ரே அவரை விலக்கவில்லை. நேரில் சென்று கண்டார்.

சொல்லாராய்ச்சிக்கு ஏற்றவர், தம் நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஏற்றவர் அல்லரா?

குற்றம் புரிந்து காவலில் இருக்கும் மனநோயாளியை ஆராய்ச்சிப் பொருளாகவே நாம் காண்கிறோம், கூட்டாளியாகக் காண்பதில்லை. (பங்காளி என்று எழுத மனம் வரவில்லை, அச்சொல்லைக் கேட்டாலே வரப்புச் சண்டைதான் நினைவுக்கு வருகிறது!) எத்தனை நாள் இருந்தார், வெளியே சென்று மீண்டும் குற்றம் செய்தாரா என்று நாம் கணக்கெடுக்கிறோம். அவரைக் கேட்டால், மருந்தால் உடல் ஏன் இப்படிப் பருக்கிறது, வேலையற்ற மாலை நேரத்தை எங்ஙனம் கழிப்பது, விடுதலையைப் பற்றிய பேச்சு எப்போது வரும் என்பார். அவையும் ஆராயத்தக்க வினாக்கள்தாமே? வினாவைத் தேர்வதிலும், வினாத்தாளின் சொற்களைத் திருத்துவதிலும், கிடைத்த விடைக்குப் பொருள் காண்பதிலும் அவருக்கு இடம் வேண்டும்.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கு நோயாளியின் முழுமனச் சம்மதம் வேண்டும் என்கிறது. மத்திய மனநல ஆணையத்தில் மனநோய் கண்டவர்களின் சார்பில் இருவருக்கு இடமும் தந்திருக்கிறது. நல்லதே. ஆயின், சம்மதம் கேட்பது வேறு. யோசனை கேட்பது வேறு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதைத் தட்டிக் கழிப்பதற்கில்லை. எவர் எழுதும் அறிக்கையால் கதவு திறக்குமோ, அவரே வந்து, “ஆராய்ச்சியில் சேருகிறாயா?” என்று கேட்டால், “மாட்டேன்” என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? ஆதலின் சிகிச்சை தரும் மருத்துவர் அழைக்கலாகாது, வெளியார் அழைக்கட்டும். சேர்ந்ததும் மறுத்ததும் அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் ஏறக் கூடாது.

கொலையுண்டவரின் வீட்டார் வருந்துவார்களே என்பர் சிலர். வருந்தலாம்; அவ்வருத்தத்தை மதிக்கிறேன். எனினும் காவல் மருத்துவம் செம்மையுற்றால், இன்னொரு வீடு அத்துயரைக் காணாமல் தப்பலாம் அன்றோ?

கூலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். வினாத்தாள் அச்சிட்டவருக்குப் பணம் தருகிறோம். அதைத் திருத்திக் கொடுத்த நோயாளிக்கு ஒரு கோப்பைத் தேநீரோடு முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.