படுக்கையில் விழுமுன் பேனாவைத் தொடு!



கோலா தெர்லா மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவரானாலும், பள்ளத்துத் தோட்டத்தில் பால் வெட்டுபவரானாலும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாரானாலும், நம்மைப் பிடித்த வியாதி ஒன்றுதான். அது நீரிழிவுமல்ல, இரத்தக் கொதிப்புமல்ல. "இப்போது என்ன அவசரம்?" என்னும் வியாதி! உயில் என்றால் "சாவைப் பேசாதே, அபசகுனம்" என்கிறோம். சேமநிதிப் பாரம் என்றால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறோம். பாரிசவாயு அடுத்த மாதம் வரை காத்திருக்குமா?

எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டு உழைத்த ஒருவர் காலைப் பெரட்டில் சுருண்டு விழுகிறார். தானா ராத்தா ஆஸ்பத்திரி, பிறகு ஈப்போ. உயிர் தப்பியது, நினைவு தெளியவில்லை. பாங்கிப் புத்தகம் அவர் பெயரில். "என் வீட்டுக்காரர் பணம்தானே" என்று மனைவி கேட்டால் பாங்கி கொடுக்காது! முன்பே அதிகாரப் பத்திரம் எழுதியிருந்தாலும், எழுதியவர் சித்தத் தெளிவை இழந்தால் பொதுவாக அதுவும் செல்லாது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றம் ஏற வேண்டும். லயத்து வீட்டுப் பெண் வக்கீல் கூலிக்கு எங்கே போவாள்? சிங்கப்பூரில், 2008-இல் வந்த சட்டப்படி, சித்தம் கலங்கிய பின்னும் செல்லும் பத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நமக்கு ஏன் இல்லை? நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டிய கேள்வி இது!

அடுத்தது வீடு. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போகும். படுத்த படுக்கையானவரை யார் கவனிப்பது? கோலாலம்பூரிலிருக்கும் மகனா, கட்டிக் கொடுத்த மகளா? கதியற்ற நோயாளிகளுக்கு அரசு நடத்தும் ஏசான் இல்லங்கள் கோல குபு பாருவிலும் டுங்கூனிலும் இருக்கின்றன. கோலா தெர்லாவிலிருந்து எத்தனை மைல்! ஆகவே, தெம்போடு இருக்கும்போதே குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுங்கள். உடல் முடங்கினால் சேமநிதியிலிருந்து பணமெடுக்க வழியுண்டு. தகுதியுள்ளவர்க்குப் பெர்க்கேசோவின் இயலாமை ஓய்வூதியமும் உண்டு. இவற்றை வீட்டுக்காரிக்குச் சொல்லி வைத்தீர்களா?

"எனக்கென்ன சொத்து, உயில் எழுத?" என்பார் சிலர். சேமநிதி சொத்தில்லையா? 1951 முதல் உழைப்பாளியின் வேர்வைக்குக் காவலாக நிற்கும் நிதியல்லவா அது! அதில் வாரிசுப் பெயர் குறிக்காமல் போனால், பிள்ளைகுட்டிகள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். வாலிபத்தில் தாயார் பெயர் எழுதியவர், மணமான பின் அந்தப் பாரத்தைத் திரும்பப் பார்த்தாரா?

உயிலின்றி இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வந்து நிற்கும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவருமிருந்தால் மனைவிக்குக் கால் பங்குதான். பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்களே! உங்கள் மனைவி அந்தக் கால் பங்குக்கும் படாத பாடு படவேண்டும். பதிவு செய்யுங்கள்!

உயிலுக்குப் பெரிய வக்கீல்தான் வேண்டுமென்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பியவர் எழுதி, இரண்டு சாட்சிகள் சேர்ந்திருக்க அவர்கள் முன் ஒப்பமிட வேண்டும். அவர்களும் ஒப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் துணைவரோ சாட்சியானால் அந்தப் பங்கு பறிபோகும். மணம் முடித்தால் பழைய உயில் செல்லாது, புதிது எழுதுக. முஸ்லிம் தோழர்களுக்கு விதி வேறு, அதைக் கேட்டறிக.

கிராணியார்களே! செக்ரோலில் ஒரு நாள் கூலி தவறினால் கண்டுபிடிக்கிறீர்கள். சம்பள நாளன்று இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கக் கூடாதா? நிர்வாகமே! அதற்கு அரை நாள் கூலியோடு விடுப்புக் கொடுத்தால் தோட்டம் கவிழ்ந்துவிடுமா? சங்கக் கிளைகளே! சந்தா வாங்கும் மேசையில் இந்தப் பாரங்களையும் வையுங்கள்.

உரிமை கேட்டுப் போராடிப் பெற்ற காசு, ஒரு கையெழுத்தில்லாமல் முடங்கலாமா? தோழனே, இந்த ஞாயிறு பேனாவை எடு!