கட்டிலில் ஒரு விண்வெளி

2007 அக்டோபர் 10ஆம் நாள் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் விண்ணுக்குப் புறப்பட்டார். 'மக்கள் பணத்தில் சுற்றுலா' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் இங்கே வேண்டாம். போனவர் எலும்பு சிகிச்சை மருத்துவர் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

'சும்மா நிற்கிறேன்' என்கிறோமே, அது சும்மா இல்லை. உடல் இம்மி சாய்ந்தாலும் பாதமும் கெண்டைக்கால் தசையும் உள்காதும் நரம்பு வழியே செய்தி அனுப்புகின்றன. தண்டுவடமும் மூளையும் கட்டளையிட, தசை இழுத்துப் பிடிக்கிறது. இதையெல்லாம் ஓயாமல் நடத்திவைப்பது புவியீர்ப்பு. விண்வெளியில் மிதப்பவரின் காலில் சுமை இல்லை. செய்தி குறைகிறது, கட்டளை குறைகிறது, வேலையற்ற தசை மெலிகிறது. அதனால்தான் விண்வெளி நிலையத்தில் தினமும் ஏறக்குறைய 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அப்படியும் திரும்பி வந்ததும் தள்ளாடுகிறார்கள்.

இதைப் பூமியிலேயே ஆராய விஞ்ஞானிகள் கண்ட வழி என்ன தெரியுமா? நலமான ஆட்களை, தலைப்பக்கம் 6 பாகை தாழ்த்திய கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது!

அதைப் படித்தபோது கிள்ளானில் என் பாட்டி படுத்திருந்த கட்டில்தான் கண்ணில் நின்றது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும், "எழுந்திரிக்காதீங்க பாட்டி, நாங்க இருக்கோம்ல" என்று எல்லாரும் தடுத்தோம். வாரந்தோறும் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையிலிருந்து ஓடிப்போய், கட்டிலிலேயே சோறு ஊட்டிய பாசக்காரப் பேரன் நான்தான். ஆறு வாரம் கழித்து எழுப்பி நிறுத்தினோம். "கால் எங்க இருக்குன்னே தெரியலடா" என்றார்.

அதே 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமான முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தனர். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போயிற்று. பாட்டி படுத்திருந்ததோ ஆறு வாரம்.

நம் வீடுகளில் முதியவர் எழுந்து நடமாடினால், 'பிள்ளைகள் கவனிக்கவில்லை' என்று உறவினர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலரைப் படுக்க வைக்கிறோம் என்பேன். முறிவோ பக்கவாதமோ என்றால் மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் அவரிடம் 'எத்தனை நாள் படுக்க வேண்டும்?' என்பதோடு நிறுத்தாமல், 'எப்போது எழுந்து நிற்கலாம்?' என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பாட்டி இப்போது வாக்கரைப் பிடித்து வாசல்வரை போய் வருகிறார். ஜாலான் தெங்கு கிளானாவுக்குத் தனியாகப் போய் வெற்றிலை வாங்கி வந்தவர். இப்போது நான் வாங்கிப் போகிறேன்.