கல்லாவுக்கும் கூட்டத்துக்கும் ஒரே வைஃபையா?

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் அக்னி தீர்த்தம் முதல் ராமேஸ்வரம் கடைத்தெரு வரை யாத்ரீகர் கூட்டம். சாமான் வாங்குகிறவர் வைஃபையும் கேட்கிறார். பல கடைகளில் கடையின் பாஸ்வேர்டையே சொல்லிவிடுகிறார்கள். பில் போடும் கம்ப்யூட்டரும் பற்று வரவுக் கணக்கும் அதே இணைப்பில்தானே இருக்கின்றன! முன்பின் தெரியாதவரைக் கல்லாப்பெட்டி அருகில் உட்கார வைப்போமா?

அமெரிக்காவில் 2013-இல் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவு போயிற்று. திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் பாஸ்வேர்டு வழியாக. உள்ளே வந்தவர்களை பில் இயந்திரம் வரை தடுக்கச் சரியான சுவர் இல்லை.

அந்தச் சுவருக்குப் பெயர் வி-லேன். ஒரே வைஃபை பெட்டியில் கடைக்கு 10, விருந்தினருக்கு 20 என்று எண் கொடுத்துப் பிரிக்கலாம். வாங்கும்போதே பெட்டியில் இவ்வசதி உண்டா என்று கேளுங்கள். சில டெக்னீஷியன்கள் வைஃபை பெயரை மட்டும் இரண்டாக்கிவிட்டுப் போவதுண்டு. அது போதாது என்பதே நமது கருத்து. 20-இலிருந்து 10-க்குச் செல்லும் வழியை ரூட்டரில் அடைக்க வேண்டும். கூலி கொடுக்குமுன் உங்கள் செல்போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து, பில் பிரிண்டர் அகப்படுகிறதா என்று பாருங்கள். அகப்பட்டால் வேலை முடியவில்லை.