ஸ்காபரோ - ரூஜ் ரிவர் தொகுதியை ஏன் கலைத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பெப்ரவரி 27இல் ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் ஸ்காபரோ - ரூஜ் பார்க் தொகுதிக்காரராக வாக்களித்தவர்கள், ஏப்ரல் 28இல் மத்திய தேர்தலுக்குப் போனபோது அந்தப் பெயரில் தொகுதியே இருக்கவில்லை. மாகாணம் பழைய வரைபடத்தை வைத்திருக்கிறது, மத்தியில் வரைபடம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்து வயோதிபர்கள் பலர் தங்கள் வேட்பாளர் யார் என்று கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு இது முதல் தடவை அல்ல. மால்வர்ன் உள்ளிட்ட வடகிழக்கு ஸ்காபரோ ஒரு காலத்தில் ஸ்காபரோ - ரூஜ் ரிவர் தொகுதியாக இருந்தது. 1988இல் அங்கு முதல் தேர்தல் நடந்தது. லிபரல் கட்சியின் டெரெக் லீ தொடர்ந்து ஏழு தேர்தல்களில் வென்றார். அவர் விலகிய பின் 2011 மே 2இல் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். அந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. இலங்கையில் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

2015 தேர்தலுக்குள் அந்தத் தொகுதி கலைக்கப்பட்டு, ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ - ரூஜ் பார்க் ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ராதிகா வடக்கில் நின்று தோற்றார். ரூஜ் பார்க்கில் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். யார் வென்றார், யார் தோற்றார் என்பது அல்ல என் முறைப்பாடு. 2011இல் ராதிகாவை அனுப்பிய மக்கள் ஒன்றாக நின்று, அவர் செய்தது போதுமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு தடவைகூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்குப் பின் வந்த ரூஜ் பார்க்கும் மூன்று பொதுத் தேர்தல்களோடு முடிந்தது.

சனத்தொகை கூடினால் எல்லை மாறும், தெரியும். 2015இல் ஒன்ராறியோவின் ஆசனங்கள் 106இலிருந்து 121ஆகக் கூடின. ஆனால் எண்ணிக்கை ஒன்றையே பார்க்கும்படி தொகுதி எல்லைச் சட்டம் சொல்லவில்லை. மாகாணச் சராசரியிலிருந்து 25 வீதம் வரை கூடவோ குறையவோ இடம் தருகிறது. மக்களின் பொது நலன்களையும், ஒரு தொகுதி வரலாற்றில் எப்படி இருந்து வந்தது என்பதையும் எல்லைகளை வரையும் ஆணைக்குழு கருத்தில் எடுக்கவேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் தொகுதிக்கு அந்த வரிகள் எவ்வளவு தூரம் கணக்கில் எடுக்கப்பட்டன?

2031 கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகள் மறுபடி வரையப்படும். ஸ்காபரோ - ரூஜ் ரிவர் என்ற பெயரை அப்போது திருப்பித் தாருங்கள். மாகாண எல்லையையும் மத்திய எல்லையையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பொது விசாரணைகளை எங்கள் பகுதியில், வேலை முடிந்து ஆட்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். 2011இல் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போன நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். அந்த விசாரணைக்கும் வருவோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ